கல்யாண வடைக்கு உளுந்து இல்லாமல் போன விவரம்

உ

பசுவந்தனை,
9-12-1983, வெள்ளிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை சுந்தரபாண்டி அவர்களுக்கு மைத்துனன் பூவனலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நானும், என் வீட்டுக்காரி கோமதியம்மாளும், எருமை இரண்டும், ரேடியோ ஒன்றும் ஈஸ்வரன் புண்ணியத்தில் நலம். அவ்விடம் பம்பாயில் தாங்களும், என் தங்கை சுப்புத்தாயும், கல்யாணப்பெண் சத்தியபாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் கும்பிட்டு வருகிறேன். மழை இந்த வருஷம் குறைவில்லை. கண்மாய் முக்கால் பெருகியிருக்கிறது.

இதுவரை சத்தம் போட்டு வாசித்திருப்பீர்கள். இங்கே நிறுத்துங்கள். நீங்கள் கூடத்தில் உட்கார்ந்து என் கடிதத்தை வாசிப்பதும், எழுத்துக் கூட்டத் தெரியாத சுப்பு அடுப்படியில் இருந்தபடியே கேட்பதும் உங்கள் வீட்டு வழக்கம் என்று எனக்குத் தெரியும். இந்தத் தடவை மட்டும் இதற்குமேல் உள்ளதை மனசுக்குள் படித்துவிட்டு, கடைசியில் ஆசீர்வாதம் வருகிற இடத்தில் மறுபடி குரல் எடுங்கள். நடுவில் அவள் “என்ன, சத்தத்தையே காணோம்?” என்று கேட்டால் இன்னும் மழையைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பொய் சொல்லச் சொல்கிறானே என்று என்மேல் வருத்தப்பட வேண்டாம். விஷயம் அப்படி.

விஷயம் உளுந்து. ஆவணி மாதம் நீங்கள் ஊருக்கு வந்து சத்தியபாமாவுக்குப் பேசி முடித்த கையோடு சுப்பு என்னிடம் என்ன கேட்டாள் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். “அண்ணே, சீர் செனத்தின்னு நீ ஒண்ணும் தூக்கிட்டு வரவேண்டாம். கல்யாணப் பந்திக்கு வடைக்கு உளுந்து மட்டும் உன் காட்டுல இருந்து வரணும். தாய்மாமன் காட்டு உளுந்துன்னு நான் நாலு பேர்கிட்ட சொல்லிக்கிடணும். அவளுக்கு உன் மடிதான் கெடைக்கல, உளுந்தாவது கெடைக்கட்டும்” என்றாள். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். நான் “இதென்ன பிரமாதம், மூணு மூட்டை அனுப்புதேன்” என்று மீசையைத் தடவினேன்.

அந்த மடி விவகாரம் என் நெஞ்சில் பதினேழு வருஷமாகக் கிடக்கிறது, மாப்பிள்ளை. சத்தியபாமாவுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைத்துக் குத்த வேண்டும். கோவிலில் ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார், பிள்ளைக்கு மொட்டையும் அடித்தாகிவிட்டது, தாய்மாமனைக் காணோம். தாய்மாமன் எங்கே? கோவில்பட்டியில் தன் ரேடியோ ரிப்பேர் கடையில். சிலோன் ஸ்டேஷன் வைத்தால் சீனாக்காரனும் சேர்ந்து பேசுகிறான் என்று ஒருவர் வால்வு ரேடியோ கொண்டுவந்திருந்தார். உள்ளே இருக்கிற கம்பிச்சுருள் காயிலைத் திருகித் திருகி, சீனாக்காரனைத் துரத்தி, சிலோனை மட்டும் தனியாகப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். நான் போய் இறங்கும்போது பிள்ளை இரண்டு காதும் ரத்தச் சிவப்பாக, யாரோ ஒரு பெரியப்பா மடியில் ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தாள். சுப்பு என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பந்தியில் எனக்கு இரண்டு வடை கூடுதலாகத்தான் வைத்தாள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஆகவே இந்த உளுந்து எனக்கு வெறும் உளுந்து இல்லை. அதை நான் எப்படி ஒழித்தேன் என்பதைக் கேளுங்கள்.

கடையை மூடிவிட்டு ஊருக்கு வந்து இரண்டு வருஷமாகிறதல்லவா? புரட்டாசிக் கடைசியில் மழை விழுந்ததும் மூன்று குறுக்கம் நிலத்திலும் விதைத்தோம். இங்கன விதைப்பு எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே காட்டுக்குள் சோளம், சோளத்துக்கு நடுவில் உளுந்து, அங்கங்கே பருத்தி. ஒன்று போனாலும் ஒன்று வீடு வந்து சேரும் என்று கரிசல்காட்டில் எல்லோரும் கலந்துதான் போடுவார்கள். ஐப்பசியில் களை எழும்பியது. வழக்கமாக வெள்ளைத்தாய் தன்னோடு எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து களையெடுப்பாள். களைச்செடி பிடுங்கும்போதே தொய்யக்கீரை, பண்ணைக்கீரையை மடியில் தனியாகச் சேர்த்துக்கொண்டு போவாள். எனக்கு அந்த வேகம் போதவில்லை. அறிவியல் இவ்வளவு முன்னேறிய காலத்தில் ஒன்பது பேர் குனிந்துகொண்டு புல் பிடுங்குவதா என்று தோன்றிவிட்டது.

ஒட்டப்பிடாரம் ரோட்டில் ஒரு உரக்கடையில் களைக்கொல்லி மருந்து வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். கடைக்காரர் டின்னோடு ஒரு நோட்டீஸும் கொடுத்தார். ஒரு பக்கம் இங்கிலீஷ், மறுபக்கம் தமிழ். நான் முப்பது வருஷம் இங்கிலீஷ் சர்க்யூட் படம் பார்த்தவன் என்பதால் இங்கிலீஷ் பக்கத்தைத்தான் திருப்பினேன். இரண்டாவது வரியிலேயே ‘செலக்டிவிட்டி’ என்று போட்டிருந்தது. எனக்குச் சொந்தக்காரனைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. மாப்பிள்ளை, அது என் சொத்து! ரேடியோவுக்கு அதுதானே உயிர்! ஆகாசத்தில் ஆயிரம் ஸ்டேஷன் கத்தும்போது வேண்டிய ஒன்றை மட்டும் பிடித்து மற்றதைத் தள்ளுகிற சாமர்த்தியம். அதைத் திருத்திக் கொடுத்துத்தானே நான் சோறு தின்றேன். “இதுல எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம், அண்ணாச்சி. எனக்கு இது அத்துபடி” என்று கடைக்காரரிடமே சொன்னேன். அவர் “சோளத்துக்கு ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி, களையை மட்டும் எடுத்துரும்” என்றார். அவர் சொன்னதில் பொய் கிடையாது. உளுந்தைப் பற்றி நான் கேட்கவேயில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று சாயங்காலமே வெள்ளைத்தாயைக் கூப்பிட்டு, இந்த வருஷம் களையெடுக்க ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுக்கு உளுந்து எது, கீரை எதுன்னு கண்ணு தெரியுமா அண்ணாச்சி?” என்றாள். நான் அவளுக்கு ரேடியோவை விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எனக்கு இந்தச் சிலோன் எல்லாம் தெரியாது. நான் உளுந்தைத் தொட்டா உளுந்துன்னு தெரியும்” என்று சொல்லிப் போய்விட்டாள். படிக்காத ஜனம் என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேன் என்று எழுதுவதற்கே கை கூசுகிறது.

கோமதி மூன்று தடவை சொன்னாள். முதல் தடவை, “சோளத்துக்கு நடுவுல உளுந்து நிக்குதே, மருந்து அதை விட்டுருமா?” என்றாள். இரண்டாம் தடவை, “பருத்தி?” என்று மட்டும் கேட்டாள். மூன்றாம் தடவை, எட்டாம் வகுப்புவரை படித்தவள் அல்லவா, நோட்டீஸின் தமிழ்ப்பக்கத்தை எழுத்துக் கூட்டி வாசித்தே காட்டினாள்: “ஊடுபயிர் உள்ள நிலத்தில் தெளிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு. நான் சொல்லுதது காதுல விழுதா?” விழுந்தது. ஆனால் அந்த நேரம் ரேடியோவில் மாநிலச் செய்தி. நான் “ம்” என்றேன்.

மறுநாள் காலையில் மருந்து தெளிக்கிற மிஷினை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினேன். நான் அடிக்க, கோமதி ஓடையில் தண்ணீர் மொண்டு மருந்து கலந்து கொடுத்தாள். பால் மாதிரி வெள்ளையாகக் கலந்தது. ஒரு மிஷின் தண்ணீருக்கு ஒரு மூடி என்று போட்டிருந்ததை நான்தான் இரண்டு மூடியாக ஊற்றச் சொன்னேன், பேட்டரி புதிதாக இருந்தால் ரேடியோ நன்றாகப் பாடும் என்ற அதே புத்தியில். மேற்கே இரண்டு குறுக்கம் முடிந்து, ஓடைக்குக் கிழக்கே உள்ள ஒரு குறுக்கத்துக்குப் போகுமுன் கொஞ்சம் படுத்தேன். கோமதி அந்த மிஷினை ஓடையில் வைத்துச் சோப்புப் போட்டு மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். “அதென்ன புளிக்குழம்பு வச்ச சட்டியா?” என்று கேலிகூடச் செய்தேன். அவள் பாட்டுக்கு மிஷினைக் கவிழ்த்து வடித்தாள். மிச்சத்தையும் அடித்து முடித்து, நாக்கு வறண்டு, கஞ்சிக்கலயத்தில் பழைய சோற்று நீத்தண்ணி இருக்கிறதா என்று கேட்டால், தீர்ந்துபோச்சு என்கிறாள். வேலை செய்கிறவனுக்கு ஒரு வாய் நீத்தண்ணி இல்லையே என்று எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து பார்த்தால் டின்னில் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். கம்பெனிக்காரன் தாராளமாக ஊற்றியிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன்.

நாலாம் நாள் காட்டுக்குப் போனேன். ஓடைக்கு இந்தப்பக்கம், மேற்குக் காட்டில், உளுந்து எல்லாம் தண்டு முறுக்கித் தரையில் படுத்திருக்கிறது. பருத்தி இலை விரல் மடக்கிய கை மாதிரி சுருண்டிருக்கிறது. தொய்யக்கீரை கருகிவிட்டது. சோளம் மட்டும் நிற்கிறது. அதோடு என்ன நிற்கிறது தெரியுமா? கோரையும் அருகும்! எந்தக் களைக்கு வெள்ளைத்தாய் இடுப்பு ஒடியக் குனிவாளோ அந்தக் கோரை, எண்ணெய் தேய்த்துக் குளித்த பிள்ளை மாதிரி மினுமினு என்று நிற்கிறது. அந்த மருந்துக்குப் புல் ஜாதியைத் தொடக் கூடாது, அகல இலைச் செடியை விடக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. சோளமும் புல் ஜாதி, கோரையும் கிட்டத்தட்ட அதே ஜாதி. உளுந்தும் கீரையும் அகல இலை. எனக்கு எது வேண்டும் என்று அது யாரிடமும் கேட்கவில்லை. ரேடியோவில் குமிழ் என் கையில் இருந்தது. இதில் குமிழைக் கம்பெனியிலேயே திருகி மூடி அனுப்பிவிட்டான், அது எனக்கு உறைக்கவில்லை.

வெள்ளைத்தாயும் வந்து பார்த்தாள்.  அவள் கோரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “ஏன் அண்ணாச்சி, உங்க மருந்துக்குக் கோரை மேல அம்புட்டுப் பாசமா?” என்றாள். சிரிக்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. அதற்குள் மேலக்காட்டுக் கருத்தையா ஓடி வந்துவிட்டார். அன்று அடித்த வாடைக்காற்றில் மருந்து எல்லை தாண்டி அவர் பருத்தியிலும் இரண்டு சால் சுருண்டுவிட்டது. “ஏ பூவனலிங்கம், உன் காட்டைக் கொல்லு, வேண்டாங்கல. என் காட்டை எதுக்குவே கொல்லுத?” என்று ஊர் கேட்கக் கத்தினார். அவரிடமும் ரேடியோவை விளக்கலாம் என்று வாயெடுத்தேன். அவர் கையில் கம்பு இருந்ததால் விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வந்த படபடப்பு நிற்கவில்லை. கோவில்பட்டியில் டாக்டரைப் பார்த்தேன். அவர் ஒரு மாத்திரை எழுதிக்கொடுத்து, இது இதயத்தில் மட்டும்தான் வேலை செய்யும், உங்களுக்குள்ள பழைய மூச்சிரைப்பைக் கிளப்பாது, செலக்டிவ் என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். “பயப்படாதீங்க, பாதி மாத்திரைதான்” என்றார். வீட்டுக்கு வந்து, பாதிக்கே நல்லது என்றால் ஒன்றரைக்கு இன்னும் நல்லது என்று போட்டேன். சாயங்காலம் மூச்சு இரைத்து, மறுபடி கோவில்பட்டி. “அளவு கூடினா அது நெஞ்சுன்னும் பார்க்காது, நுரையீரல்னும் பார்க்காது ஐயா. எல்லாத்தையும் பிடிக்கும்” என்று டாக்டர் என்னைத் திட்டினார். இரண்டு மூடி மருந்தை நினைத்துக்கொண்டேன். சோளத்திலும் ஒரு பாதி முறுக்கிக்கொண்டது அதனால்தான்.

இவ்வளவும் ஆன பிறகு தங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. மருந்து வாங்கிய அன்றே பெருமைக்காக உங்களுக்கு எழுதிக் கேட்டிருந்தேன் அல்லவா, உங்கள் கெமிக்கல் பாக்டரியில் இந்த செலக்டிவிட்டி உண்டா என்று? நீங்கள் விவரமாக எழுதியிருந்தீர்கள். நூறு பங்கு சரக்கு மாறினால் அதில் எத்தனை பங்கு நமக்கு வேண்டிய பொருளாக மாறுகிறது, எத்தனை பங்கு வேண்டாத கழிவாகப் போகிறது என்பதுதான் உங்கள் ஊரில் செலக்டிவிட்டி என்று. கடைசியில் ஒரு வரி: ‘மச்சான், நமக்கு வேண்டியது எது என்று முதலில் தீர்மானித்துக்கொண்டுதான் அதை அளக்கவே முடியும்.’ அந்த வரி பத்து நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா? வந்திருந்தாலும் என்ன, “ம்” என்று சொல்லி மடித்து வைத்திருப்பேன்.

கடை வைத்திருந்த காலத்தில் மில்லில் பியூஸ் மாட்டுகிற ஆள் ஒருவர் சொல்வார். பழுது எங்கே வருகிறதோ அதற்குப் பக்கத்துப் பியூஸ் மட்டும்தான் எரிய வேண்டும், மற்ற மிஷின் எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதற்கும் இதே பெயர்தான் என்பார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. பழுது நான். எரிந்தது யார்? ஒன்பது பெண்களுக்கு வேலையும் கீரையும் போயிற்று. கருத்தையாவுக்கு இரண்டு சால் பருத்தி. என் தங்கச்சிக்குப் பதினேழு வருஷத்தில் அவள் கேட்ட ஒரே ஒரு பொருள். நான் மட்டும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறேன்.

மூன்று வாரமாக நான் காட்டுப்பக்கம் போகவில்லை. ஓடையைத் தாண்டிக் கிழக்குத் துண்டை ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது? நாள் முழுக்க ரேடியோ முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கோவில்பட்டியில் கடை உளுந்து வாங்கி, நம் வீட்டுச் சாக்கில் கொட்டி, கரிசல் புழுதியைக் கொஞ்சம் தூவி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சுப்பு ஒரு பிடி அள்ளினால் போதும், கண்டுபிடித்துவிடுவாள். கண்டுபிடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எனக்கு இரண்டு வடை கூடுதலாக வைப்பாள். அது வேண்டாம், மாப்பிள்ளை. நீங்களே பக்குவமாக ஏதாவது காரணம் சொல்லிவிடுங்கள். தை மாதம் கல்யாணத்துக்கு நான் வருவேன். தாய்மாமன் என்று சபையில் முன்னால் நிற்க மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள். பந்தல் காலுக்குப் பின்னால் எங்கேயாவது நின்றுகொள்கிறேன்.

இனிமேல் சத்தம் போட்டு வாசிக்கலாம்.

கல்யாணப்பெண் சத்தியபாமாவுக்கு மாமன் ஆசீர்வாதம். மஞ்சளும் குங்குமமும் நிலைத்து, பிள்ளை குட்டியோடு நூறு வருஷம் வாழட்டும். தங்கை சுப்புத்தாய்க்கு அண்ணன் நலம் விசாரித்ததாகச் சொல்லவும். கல்யாணத்துக்கு ஊருக்குப் புறப்படுகையில் ரயிலுக்குக் கட்டுச்சோறு கட்டும்போது தங்களுக்குப் புளியோதரை ஆகாது என்பதை அவளுக்கு ஞாபகப்படுத்தவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
அ. பூவனலிங்கம்

பின்குறிப்பு: உறையில் போட்டுப் பசை தடவுகிற நேரத்தில் கோமதி வந்து, “காலையில இருந்து அப்படி என்னதான் எழுதுதீங்க?” என்றாள். மனசு கேட்கவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு முழுக்க வாசித்துக் காட்டினேன்.  அப்புறம், “எல்லாம் சரி, கிழக்குத் துண்டுல உளுந்து நிக்குதே, அதை ஏன் எழுதல?” என்றாள்.

கையிலிருந்த பசையைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டால் சாவகாசமாகச் சொல்கிறாள்: “மூணு தடவை சொல்லியும் கேக்கல. மேக்கால நீங்க பிடிச்ச பிடியில அடிச்சுட்டீங்க. கிழக்குத் துண்டுக்காவது ஆகட்டும்னு மிஷினைக் கழுவி, மருந்துக்குப் பதிலா நீத்தண்ணியை ஊத்திக் குடுத்தேன். வெள்ளையாத்தான இருந்துச்சு? நீங்களும் வீறாப்பா அடிச்சுட்டு வந்தீங்க.” வெள்ளைத்தாயும் அந்த எட்டுப் பெண்களும் கிழக்குத் துண்டில் நின்ற களையைக் கையால் எடுத்து, கீரையையும் கொண்டுபோனார்களாம். உளுந்து இப்போது பூ உதிர்ந்து பிஞ்சு விட்டிருக்கிறதாம். ஒரு மூட்டை கட்டாயம் தேறும் என்று வெள்ளைத்தாய் சொன்னாளாம். வடைக்கு அது போதும்.

“ஒரு மாசமா இதை எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கத்தினேன். கோமதி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “சொன்னேனே. அன்னைக்குச் சாயங்காலமே சொன்னேன். வெள்ளைத்தாய் களையெடுக்க வந்தன்னைக்குச் சொன்னேன். போன வெள்ளிக்கிழமை உளுந்து பூவெடுத்திருக்கு, ஒரு எட்டு வந்து பாருங்கன்னு சொன்னேன். மூணு தடவையும் ‘ம்’னீங்க” என்றாள்.

எனக்கு அதில் ஒன்றுகூட ஞாபகம் இல்லை, மாப்பிள்ளை. அந்த மூன்று நாளும் ரேடியோவில் என்ன ஓடியது என்பது வரிசையாக ஞாபகம் இருக்கிறது.

ஆகவே மேலே நான் கேட்டுக்கொண்டது ரத்து. இந்தக் கடிதத்தை முதலிலிருந்து, காது குத்து உட்பட, ஒரு வரி விடாமல் சுப்புவுக்குச் சத்தமாக வாசியுங்கள். அவள் திட்டினாலும் சரி, அழுதாலும் சரி, அவள் சொல்கிறதை ஒரு சொல் விடாமல் எழுதி அனுப்புங்கள். கோமதியை வாசிக்கச் சொல்லி, ரேடியோவை நிறுத்திவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன்.